ஒரு கேமரா போதாதா? புகைப்பட ஆர்வலர்கள் இரண்டு, மூன்று கேமரா வைத்திருப்பது ஏன்?

"எதுக்குல இத்தனை கேமரா? ஒண்ணை வச்சு எடுத்தா ஆவாதா?"

நெல்லைப் பக்கம் கேமரா பிரியர் இருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி ஒருமுறையாவது எழுந்திருக்கும். முதல் கேமராவின் தவணையே முடிந்திருக்காது. அதற்குள் இன்னொன்றுக்கு விலை விசாரிப்பார்கள். பழையதை விற்றுவிட்டாவது புதியதை வாங்குவார்களா என்றால், அதுவும் இல்லை. பழசு பீரோவில், புதுசு பையில்.

இது வெறும் ஆசையா? அல்லது உண்மையிலேயே ஒரு தேவை இருக்கிறதா? வீட்டுக் கணக்கில் கை வைக்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம். இதைப் புரிந்துகொள்ள நாம் எடுத்துக்கொள்ளும் ஊர், பாய்க்குப் பெயர் பெற்ற பத்தமடை.

சுருக்கமாகச் சொன்னால்

• எல்லா வேலைக்கும் பொருந்தும் ஒரே கேமரா என்று ஒன்று இன்னும் வரவில்லை. ஒன்றில் கிடைக்கும் வசதி, இன்னொன்றில் குறையும்.
• கல்யாணம் போன்ற திரும்ப வராத நிகழ்ச்சிகளில் இரண்டாவது கேமரா ஒரு காப்பீடு.
• பழைய கேமராவின் சந்தை விலை வேகமாக இறங்கிவிடுகிறது. அதனால் விற்பதைவிட வைத்துக்கொள்வதே லாபம் என்று பலர் நினைக்கிறார்கள்.
• ஆசையும் ஒரு காரணம்தான். அதைத் தேவையில் இருந்து பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது.

உங்க கையிலேயே மூணு கேமரா இருக்கு!

இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் போனைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு அல்லது மூன்று வட்டங்கள் தெரியும். பலர் அவற்றை ஒரே கேமராவின் பல லென்ஸ் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு வட்டத்துக்குப் பின்னாலும் தனித்தனி லென்ஸ், தனித்தனி சென்சார். அதாவது, தனித்தனி கேமரா.

அகலமான காட்சிக்கு ஒன்று, சாதாரணப் படத்துக்கு ஒன்று, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்ட ஒன்று. செல்ஃபிக்கு முன்பக்கம் இன்னொன்று. மெல்லிய போனுக்குள் ஒரே லென்ஸை வைத்து இத்தனையும் நன்றாகச் செய்ய முடியாது என்பதால்தான், தயாரிப்பு நிறுவனங்கள் பல கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் பதிக்கின்றன.

ஆக, "ஒண்ணு போதாதா?" என்று கேட்பவரின் சட்டைப் பையிலும் மூன்று நான்கு கேமரா இருக்கிறது. ஆர்வலரின் பையில் இருப்பவை கொஞ்சம் பெரிதாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

பத்தமடையில் ஒரு நாள் எடுக்க என்னென்ன வேண்டும்?

திருநெல்வேலியில் இருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சேரன்மகாதேவிக்கு அருகே இருக்கிறது பத்தமடை. தாமிரபரணிப் பாசனத்தில் செழிக்கும் பகுதி. இங்கே நெய்யப்படும் கோரைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, கத்தியால் மெல்லிய இழைகளாகக் கீறி, சாயம் ஏற்றி நெய்கிறார்கள். மிக நுணுக்கமாக நெய்யப்படும் பாயைப் பட்டுப் பாய் என்கிறார்கள். மணமகன், மணமகள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாயும் உண்டு.

இந்தத் தொழிலைப் படமெடுக்க ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முன்னால் வரும் வேலைகள் என்ன?

முதல் வேலை, வீட்டுக்குள் நெய்பவரை எடுப்பது. நெசவு பெரும்பாலும் பெண்கள் வீட்டுக்குள் செய்யும் வேலை. ஜன்னலோ வாசலோ தரும் வெளிச்சம்தான். ஃபிளாஷ் அடித்தால் இயல்பு போய்விடும். குறைந்த வெளிச்சத்தையும் தாங்கும் பெரிய சென்சார் வேண்டும். ஒளியை அதிகம் உள்ளே விடும் லென்ஸ் வேண்டும். முக்கியமாக, அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். முழங்கை நீள லென்ஸோடு ஒருவர் வாசலில் வந்து நின்றால் யாருக்கும் கூச்சம் வரும். இங்கே சின்ன, சத்தம் போடாத கேமராவுக்குத்தான் மரியாதை.

இரண்டாவது வேலை, பாயின் நெசவை நெருங்கி எடுப்பது. இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. சென்சாரில் உள்ள புள்ளிகள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டவை. பாயின் இழைகளும் ஒரே சீரான வரிசையில் இருப்பவை. இந்த இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று மோதும்போது, பாயில் இல்லவே இல்லாத அலை அலையான கோடுகளும் நிறங்களும் படத்தில் தோன்றும். இதற்கு மோய்ரே என்று பெயர். செய்தி வாசிப்பவர் சன்னமான கோடு போட்ட சட்டை அணிந்தால் டிவியில் அது நெளிவது போலத் தெரியுமே, அதே சங்கதிதான்.

இதைக் குறைக்கப் பல கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் ஒரு மென்மையாக்கும் வடிகட்டி இருக்கும். ஆனால் அது படத்தின் கூர்மையையும் கொஞ்சம் குறைத்துவிடும். நிக்கான் நிறுவனம் 2012இல் ஒரே கேமராவை இரண்டு விதமாக விற்றது: டி800, டி800இ. இரண்டாவதில் அந்த வடிகட்டியின் விளைவு நீக்கப்பட்டிருந்தது. துணியும் பாயும் எடுப்பவருக்கு முதலாவது பொருத்தம். மலையும் காடும் எடுப்பவருக்கு இரண்டாவது. "எல்லாருக்கும் ஒரே கேமரா" என்பது சாத்தியமில்லை என்று தயாரித்த நிறுவனமே ஒப்புக்கொண்ட கதை இது.

மூன்றாவது வேலை, ஆறும் பறவைகளும். தாமிரபரணிக் கரைக்கும் குளக்கரைக்கும் போனால் கொக்கும் நாரையும் கண்ணில் படும். ஆர்வம் கூடினால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம்வரை போக வேண்டியதுதான். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள் மரங்களில் கூடு கட்டும் இடம் அது. பறவை எடுக்க நீளமான லென்ஸும் வேகமாகக் கிளிக் செய்யும் கேமராவும் தேவை. நெசவு எடுத்த கேமரா இங்கே அநேகமாகக் கையை விரித்துவிடும்.

ஒரே ஊர், ஒரே நாள், ஒரே ஆள். ஆனால் வேலை மூன்று.

சென்சார் அளவில் என்ன இருக்கிறது?

கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், எளிமையானதுதான்.

ஃபுல் ஃபிரேம் எனப்படும் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். பரப்பளவு 864 சதுர மி.மீ. அடுத்த நிலையான ஏபிஎஸ்-சி வகைச் சென்சார் சுமார் 23.5க்கு 15.6 மி.மீ. இதன் பரப்பு முதலாவதில் பாதிகூட இல்லை. பெரும்பாலான போன்களின் முதன்மைச் சென்சார் 100 சதுர மி.மீ.க்கும் குறைவு.

மழை பெய்யும்போது அண்டாவையும் டம்ளரையும் முற்றத்தில் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? ஒளியும் அப்படித்தான். பெரிய சென்சாரில் அதிக ஒளி சேரும். இருட்டில் படம் குறைவாகப் புள்ளியடிக்கும்.

அப்படியென்றால் பெரியதே போதுமே? அதுதான் இல்லை. ஏபிஎஸ்-சி கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் மாட்டினால், ஃபுல் ஃபிரேமில் 450 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குக் காட்சி நெருங்கித் தெரியும். சென்சார் சின்னது என்பதால் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டித் தருகிறது; அந்தச் சின்ன இடத்தில் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் தூரத்துப் பறவையின் இறகு விவரமும் கிடைக்கிறது. 450 மி.மீ. அளவுக்குத் தனியாக ஒரு லென்ஸ் வாங்கினால் விலையும் எடையும் எகிறும். அதனால்தான் பல பறவை ஆர்வலர்கள் ஃபுல் ஃபிரேம் வாங்கிய பிறகும் பழைய ஏபிஎஸ்-சி கேமராவை விடுவதில்லை.

லென்ஸை மாற்றினால் போதாதா?

நியாயமான கேள்வி. உண்மையில், இருக்கிற கேமராவுக்கு நல்ல லென்ஸ் ஒன்று வாங்குவது பல நேரம் புது கேமராவைவிடப் பலன் தரும். கேமராவோடு சேர்த்து விற்கும் சாதாரண ஜூம் லென்ஸின் திறப்பு, ஜூம் செய்த நிலையில் எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் மேல் ஒளியை உள்ளே விடும். நெசவு வீட்டின் அரை இருட்டில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆனால் லென்ஸ் மாற்றுவதில் இரண்டு சிக்கல்.

ஒன்று, நேரம். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் அசையும்போது கூட்டத்தின் முகமும் வேண்டும், தேரின் உச்சியும் வேண்டும். லென்ஸைக் கழற்றி மாட்டுவதற்குள் தேர் நகர்ந்துவிடும்.

இரண்டு, தூசி. லென்ஸைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கேமராவின் உள்பக்கம் திறந்து கிடக்கும். தேரோட்டத் தெருப் புழுதியோ, காய்ந்த கோரையைக் கீறும்போது பறக்கும் தூளோ சென்சாரில் ஒட்டினால், அதன்பிறகு எடுக்கும் எல்லாப் படங்களிலும் கரும்புள்ளி தெரியும். இரண்டு கேமராவில் இரண்டு லென்ஸை மாட்டித் தோளில் தொங்கவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தாலி கட்டும் நேரம் திரும்ப வராது

கல்யாண வீட்டில் மூன்று முடிச்சு விழ எவ்வளவு நேரம் ஆகும்? சில நொடிகள். அந்த நேரம் பார்த்து கேமரா மக்கர் செய்தால், "மாப்ள, இன்னொரு தடவை கட்டுங்க" என்று சொல்ல முடியுமா?

அதனால்தான் தொழில்முறை கல்யாண போட்டோகிராபர்கள் இரண்டு கேமரா இல்லாமல் மண்டபத்துக்குள் கால் வைக்கத் தயங்குகிறார்கள். இது பந்தா இல்லை. கேமராவின் ஷட்டர் தேய்மானம் உள்ள பாகம். மாடலைப் பொறுத்து 1 லட்சம் முதல் 5 லட்சம் கிளிக் வரை தாங்கும்படி சோதிக்கிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்று வைத்தால், 1.5 லட்சம் கிளிக் கணக்குள்ள கேமரா 50 கல்யாணத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதைத் தாண்டியும் உழைக்கலாம். அதற்கு முன்பே நிற்கவும் நிற்கலாம். எப்போது என்று யாருக்கும் தெரியாது.

மெமரி கார்டு கெட்டுப்போவதும் நடக்கிறதுதான். எடுக்கும் படத்தை ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவு செய்யும் வசதி விலை கூடிய கேமராக்களில் இருக்கிறது. அந்த வசதி இல்லாதவர்களுக்கு இரண்டாவது கேமராதான் பாதுகாப்பு.

நெல்லை மண்ணில் பிறந்தவரின் "சூப்பர் பாண்டரோசா"

இந்த விஷயத்தில் வேறு வழியில் யோசித்த ஒருவரை நெல்லைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், 1912 ஜூன் 30இல் திருநெல்வேலியில் பிறந்தவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டுயிர்கள் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய அவரது பத்தி, 1996இல் அவர் மறையும்வரை தொடர்ந்தது. 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவருடைய காட்டுயிர்ப் படங்கள் கறுப்பு வெள்ளைக்காகப் பேசப்படுபவை. அவற்றை எடுத்த கருவியோ கடையில் கிடைக்காதது. ஒரு நிறுவனத்தின் கேமரா உடல், இன்னொரு நிறுவனத்தின் தொலைநோக்கு லென்ஸ், வேறு சில பாகங்கள் என எல்லாவற்றையும் தானே இணைத்துக்கொண்டார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் "சூப்பர் பாண்டரோசா".

யானையைக் காட்டில் எடுக்க என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது சந்தையில் இல்லை. எனவே இருந்தவற்றைக் கோத்துச் செய்துகொண்டார். இன்று இரண்டு மூன்று கேமரா வைத்திருப்பவர் செய்வதும் ஏறக்குறைய இதேதான்: ஒன்றில் இல்லாததை இன்னொன்றில் தேடுகிறார். வேலைதான் கருவியை முடிவு செய்கிறது.

சரி, பழசை ஏன் விற்பதில்லை?

வாங்குவதாவது புரிகிறது. வைத்திருப்பது ஏன்? இதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, விலை. டிஜிட்டல் கேமராவின் விலை போன் மாதிரியே சறுக்குகிறது. புது மாடல் வந்ததும் பழையது பாதி விலைக்குக்கூடப் போகாது. அந்தக் காசுக்கு விற்பதைவிட, வீட்டில் ஒரு மாற்றுக் கேமராவாக இருக்கட்டுமே என்று தோன்றுவது இயல்பு. வீட்டில் பிள்ளைகள் கற்றுக்கொள்ளவும் ஆகும்.

இரண்டாவது, லென்ஸ். கேமரா மாறலாம், நல்ல லென்ஸ் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் லென்ஸைப் பொருத்தும் வாய் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. நிக்கான் 1959இல் கொண்டுவந்த எஃப் வகைப் பொருத்தியை மிக நீண்ட காலம் பயன்படுத்தியது. 2018இல் கண்ணாடியில்லா கேமராக்களுக்காக இசட் வகைக்கு மாறியது. அதே ஆண்டு கேனானும் தன் 1987ஆம் ஆண்டு ஈஎஃப் வகையை விட்டு ஆர்எஃப் வகைக்கு வந்தது. அடாப்டர் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கேமரா உடலில் உள்ள மோட்டாரை நம்பி இயங்கும் பழைய நிக்கான் லென்ஸ்கள், நிக்கானின் சொந்த அடாப்டரில் தானாக ஃபோகஸ் ஆகாது. நாலைந்து பழைய லென்ஸ் வைத்திருப்பவர், அவற்றுக்காகவே பழைய கேமராவையும் வைத்திருக்கிறார்.

மூன்றாவது, கை பழக்கம். பல ஆண்டு பயன்படுத்திய கேமராவில் எந்தப் பொத்தான் எங்கே என்று விரலுக்கே தெரியும். மெனுவுக்குள் போய்த் தேட வேண்டாம். நல்ல அரிவாள்மணையை மாற்ற எந்த ஆச்சியும் சம்மதிப்பதில்லையே, அது மாதிரி.

ஃபிலிம் கேமராவை வைத்து என்ன செய்கிறார்கள்?

தமிழ்நாட்டுக்கு ஃபிலிமோடு ஒரு சொந்தம் உண்டு. உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், 1967 முதல் "இந்து" என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. டிஜிட்டல் அலையில் நலிந்து, கடைசியில் மூடப்பட்டது.

ஃபிலிம் போனாலும் கேமராக்கள் வீடுகளில் தங்கிவிட்டன. தாத்தாவின் ஆக்ஃபா கிளிக், பழைய ஸ்டுடியோவின் யாஷிகா என எங்காவது ஒரு பெட்டிக்குள் கிடக்கும். குடும்ப ஆல்பத்தில் உள்ள படங்களை எடுத்த கருவி என்பதாலேயே அதைத் தூக்கிப்போட மனம் வராது. இதற்குத் தேவை என்ற கணக்கு பொருந்தாது; அது நினைவு.

ஆனால் சிலர் அவற்றை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது.

இரட்டை லென்ஸ் கொண்ட யாஷிகா மேட் போன்ற கேமராவை எடுத்துக்கொள்வோம். இதில் 6க்கு 6 செ.மீ. என்று சொல்லப்படும் சதுர நெகட்டிவ் கிடைக்கும். அதன் உண்மையான பரப்பு ஃபுல் ஃபிரேம் சென்சாரைப் போல மூன்றரை மடங்கு. அந்தக் கால ஸ்டுடியோப் படங்கள் இன்றும் துல்லியமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அதைவிட முக்கியம், பார்க்கும் விதம். இந்தக் கேமராவை முகத்துக்கு நேராகத் தூக்குவதில்லை. இடுப்பளவில் பிடித்து, தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். தரையில் உட்கார்ந்து நெய்பவருக்கு எதிரே, அதே உயரத்தில் கேமரா இருக்கும். எடுப்பவர் குறிபார்ப்பது போலவும் தெரியாது. படத்தில் வரும் முகத்தின் பாவமே மாறும்.

35 மி.மீ. ரோலில் 36 படம்தான். சதுர நெகட்டிவ் ரோலில் 12தான். ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. அதனால் கை தானாக நிதானப்படும். 1982இல் வந்த நிக்கான் எஃப்எம்2 போன்ற கேமராவில் பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கும். பேட்டரி ஒளியை அளக்க மட்டுமே. மின்சாரம் இல்லாத இடத்தில் அதன் அருமை தெரியும்.

சேகரிப்பாளர்கள் கதை தனி

வைத்திருப்பதே நோக்கமாக இருப்பவர்களும் உண்டு. மும்பையைச் சேர்ந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் திலீஷ் பரேக் 4,425 கேமராக்களைச் சேகரித்ததற்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். இப்படிச் சேர்ப்பவர்களுக்குப் படம் எடுப்பது இரண்டாம் பட்சம். ஷட்டர் எப்படி இயங்கியது, எந்த ஆண்டில் என்ன மாற்றம் வந்தது என்ற வரலாறுதான் அவர்களுக்கு முக்கியம்.

அந்த வரலாறு வேகமாக நகர்கிறது. ஜப்பான் கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010இல் உலகம் முழுவதும் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அது 80 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. மீதி இடத்தைப் போன் பிடித்துக்கொண்டது. ஆக, ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த சின்ன டிஜிட்டல் கேமராக்கள்கூட இப்போது பழம்பொருள். அந்தப் படங்களின் நிறம் பிடித்துப்போய், இளைஞர்கள் மறுபடியும் அவற்றைத் தேடுவதையும் பார்க்கிறோம்.

அப்போ ஆசையே காரணம் இல்லையா?

நிச்சயமாக ஆசையும் இருக்கிறது. கருவி வாங்கிக் குவிக்கும் இந்தப் பழக்கத்துக்கு ஆர்வலர்களே வேடிக்கையாக ஒரு நோய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள்: கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம். முதலில் கிட்டார் வாங்கிக் குவிக்கும் இசைக் கலைஞர்களைக் கிண்டல் செய்ய 1990களில் வந்த சொல், பின்னர் கேமராக்காரர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

படம் எடுக்கும் நேரத்தைவிட விமர்சன வீடியோ பார்க்கும் நேரம் அதிகமானால், வாங்கிய கேமரா மாதக்கணக்கில் பையைவிட்டு வெளியே வராவிட்டால், அடுத்த மாடல் வந்தால்தான் நல்ல படம் வரும் என்று தோன்றினால், அது தேவை இல்லை.

எதிர் உதாரணமும் இருக்கிறது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெசோன் தன் வாழ்நாள் படங்களில் பெரும்பகுதியை லைக்கா கேமராவிலும் 50 மி.மீ. லென்ஸிலுமே எடுத்தார். குறைந்த கருவியில் உலகப் புகழ்பெற்ற படம் வரும் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் அவர் பறவை எடுக்கவில்லை, பாயின் நெசவை நெருங்கி எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஈரம்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் கேமராவுக்குப் பெரிய எதிரி திருடன் இல்லை, பூஞ்சை. ஆறு, வாய்க்கால், வயல், அதோடு வடகிழக்குப் பருவமழை. காற்றில் ஈரம் கூடும்போது லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். ஒருமுறை கண்ணாடியின் மேல்பூச்சைத் தின்றுவிட்டால் சுத்தம் செய்தாலும் தழும்பு போகாது. அதிக கேமரா வைத்திருப்பவருக்கு அதிக ஆபத்து. காரணம், பயன்படுத்தாமல் இருட்டில் கிடக்கும் கேமராவில்தான் இது முதலில் வரும்.

• ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வைக்கும் உலர் பெட்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் ஈரம் ஏறி நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம்.
• அரிசிக்குள் போட்டு வைக்காதீர்கள். தூள்தான் உள்ளே போகும்.
• தோல் உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.
• வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்பாகம் அரித்துப்போகும்.
• மாதம் ஒருமுறையாவது எடுத்து நாலு படம் எடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடியதும், வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததும் நெல்லை, தூத்துக்குடி மக்களுக்கு மறந்திருக்காது. நனைந்த கேமராவுக்குப் பதில் வேறு வாங்கலாம். நனைந்து ஒட்டிக்கொண்ட ஆல்பத்துக்கும் நெகட்டிவ்வுக்கும் பதில் கிடையாது. எனவே கேமராவை உயரத்தில் வைக்கும்போது ஆல்பத்தையும் உயரத்தில் வையுங்கள். பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ வைப்பது இன்னும் பாதுகாப்பு.

நிலவுக்குப் போன அப்போலோ விண்வெளி வீரர்கள், திரும்பும்போது எடையைக் குறைக்கப் பல ஹாசல்பிளாட் கேமராக்களை அங்கேயே விட்டுவிட்டு, ஃபிலிமை மட்டும் எடுத்து வந்தார்கள். எது முக்கியம் என்று கேட்டால் இதுதான் பதில்.

இரண்டாவது கேமரா வாங்கும் முன் இதைக் கேளுங்கள்

1. இப்போதைய கேமராவால் நான் எடுக்க முடியாமல் போன படம் எது? கடந்த ஆறு மாதத்தில் குறைந்தது மூன்று உதாரணம் சொல்ல முடிகிறதா?
2. அந்தக் குறை கேமராவால் வந்ததா, லென்ஸால் வந்ததா? லென்ஸால் என்றால் கேமரா வேண்டாம்.
3. ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் வேலை முடியுமா? ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் தேவைப்படும் கருவிக்கு வாடகைதான் மலிவு.
4. இருக்கிற லென்ஸ், பேட்டரி, கார்டு புதியதிலும் பொருந்துமா? பொருந்தாவிட்டால் செலவு கேமராவோடு நிற்காது.
5. பழைய கேமரா வாங்குவதானால் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை பார்த்தீர்களா? ஷட்டர் எண்ணிக்கை கேட்டீர்களா? பில் இருக்கிறதா?

முதல் கேள்விக்குப் பதில் இருந்தால் இரண்டாவது கேமராவுக்கு நியாயம் இருக்கிறது. பதில் இல்லாவிட்டால், அந்தப் பணத்தில் பஸ் ஏறிப் புதிதாக நாலு ஊர் பார்த்து வருவது நல்ல படத்துக்கு நிச்சயமான வழி.

கடைசியாக, வீட்டில் "எதுக்கு இத்தனை?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். பத்தமடையிலேயே எல்லாரும் ஒரே பாய் நெய்வதில்லை. தினமும் விரித்துப் படுக்க ஒன்று, கல்யாணச் சீருக்குப் பெயர் நெய்த பட்டுப் பாய் ஒன்று. பட்டுப் பாயில் யாரும் நெல் காயப்போட மாட்டார்கள். இரண்டும் பாய்தான், ஆனால் வேலை வேறு. அந்த வேலை என்னவென்று சொல்லத் தெரிந்தவர் எத்தனை கேமரா வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.